கடித்தவர் தரப்பு

பாம்பு கடித்து யார் வந்தாலும் எங்கள் டொக்டர் பாம்பின் பக்கம்தான். வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார். கை தன் பாட்டுக்கு நாடி பிடிக்கும், ஊசி போடும், அம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிச் சைகை காட்டும். வாய் மட்டும் கடிபட்டவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

“நீங்க அதுக்கு என்ன செஞ்சீங்க?”

கல்முனையிலிருந்து பஸ் ஏறினால், இருக்கை கிடைத்து உட்காருவதற்குள் இறங்க வேண்டிய தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். கடலில் குத்தியதும் வயலில் கடித்ததும் எங்களிடம்தான் வந்து சேரும். நான் அங்கே மருந்து கொடுக்கிறவன். என் யன்னலுக்கும் டொக்டரின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி உண்டு. அது கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நலம் வேண்டி துஆ போகும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டவன் என்று யாரும் நினைக்கக் கூடாது. கேட்காமல் இருக்க எனக்கு வழியே இருக்கவில்லை.

பெண் டொக்டர்தான், அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கறுப்பு அபாயாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ஓசை எழுப்பும் ரப்பர் செருப்பு. சிரித்து நான் கண்டதில்லை, கோபப்பட்டும் கண்டதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களின் முகத்தில் இருக்குமே ஒரு பொறுமை, அதுதான் எப்போதும்.

காரைதீவுப் பக்கமிருந்து ஒரு விவசாயியைத் தூக்கி வந்தார்கள். கையில் கண்ணாடி விரியன் கடி. வயலோரத்தில் வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் ‘உஸ்’ என்று சத்தம். டயருக்குக் காற்றுப் போகிறது என்று நினைத்து, குனிந்து, எந்த இடத்தால் போகிறது என்று கையால் தடவிப் பார்த்திருக்கிறார்.

“சத்தம் கேட்டதா?” டொக்டர் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார்.

“கேட்டது டொக்டர். நல்லாக் கேட்டது.”

“எவ்வளவு நேரம்?”

“நான் டயரைச் சுத்திப் பார்த்து முடியுமட்டும்.”

“அப்ப அது ஒங்களுக்குச் செல்லியிரிக்கி. நீங்க டயரெண்டு நினைச்சீங்க. இதில பாம்புட பிழை என்ன?”

அந்த மனிதர் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆனாலும் யோசித்துப் பார்த்து, “ஒண்டுமில்லத்தான்” என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே மருந்து ஏற்றி, ஆள் தப்பிவிட்டார். பிறகு ஒரு நாள் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றோடு நன்றி சொல்ல வந்தார். டொக்டர் முதலில் பாம்பைத்தான் விசாரித்தார். அதை அன்றைக்கே அடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் தயிரை வார்டுக்கு அனுப்பிவிட்டார். தயிருக்கும் பாம்புக்கும் என்ன வழக்கு? நான் வார்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

கூட வேலை செய்கிறவன் என்று எனக்கும் சலுகை கிடையாது. ஒரு முறை கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்துக் கட்டினேன். உள்ளே மயிர்க்கொட்டிப் புழு. எந்த இடத்தில் என்று எழுத முடியாது. நடக்க முடியாமல் நடந்து வேலைக்கு வந்து, ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று டொக்டரின் கதவடியில் நின்றேன். அவர் நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, “சாரத்தை ஒதறினீங்களா?” என்றார்.

“இல்ல.”

“அது அதுட பாட்டுல இரிந்திரிக்கி. நீங்க அதைச் சுருட்டி இடுப்புல கட்டியிரிக்கீங்க. அதுக்கு மயிர் மட்டும்தான் இரிக்கி. பல்லில்ல, கொம்பில்ல, ஓடவும் ஏலா. இரிக்கிறதைத்தான் பாவிக்கும்.”

பூசுவதற்கு மருந்து தந்தார். அந்த மருந்தை என் அலுமாரியிலிருந்தே நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அலுமாரி என்றதும் ஞாபகம் வருகிறது. மருந்துக் களஞ்சியத்தைத் திறக்கும் முன் கதவில் தட்டச் சொல்லுவார். உள்ளே தேளோ பூரானோ இருந்தால் விலகிப் போக நேரம் கொடுக்க வேண்டுமாம். முதல் வாரம் நான் சிரித்தேன். பிறகு தட்டப் பழகினேன். புதிதாக வந்த தாதி மிஸ் ஒருத்தி, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து நெடுநேரம் வெளியிலேயே காத்து நின்றிருக்கிறாள். டொக்டர் புல்லில் நடக்கும்போது செருப்பை வேண்டுமென்றே அடித்து அடித்து நடப்பார். அதுதான் அந்த ஓசை.

தனக்கென்று வந்தபோதும் சட்டத்தை மாற்றவில்லை. காயம் கட்டும் அறையில் பழைய பெட்டி ஒன்றுக்குள் ஆஸ்பத்திரிப் பூனை குட்டி போட்டிருந்தது. தெரியாமல் டொக்டர் பெட்டியைத் திறக்க, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பிறாண்டிவிட்டது. மிஸ் ஊசி போட வந்தபோது, யாரும் கேட்காமலேயே, “நான் பெட்டியைத் திறந்தன். உள்ளுக்குக் குட்டி இரிந்த” என்றார். அதோடு விசாரணை முடிந்தது. பூனைக்கு வேறு அறை ஒதுக்கினார். எனக்கு அந்தக் காலத்தில் உட்காரச் சரியான கதிரைகூட இருக்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சிலருக்கு இது பிடிக்காது. நோவோடு வந்தவனைக் குறுக்கு விசாரணை செய்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். ஒருவர்தான் நேருக்கு நேர் கேட்டார். அவர் ஒரு மரைக்காயர். எங்கள் ஊர்களில் குடும்பங்கள் குடி குடியாக இருக்கும். தாய் வழியில் வரும் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் உண்டு. புருஷன் பெண்சாதி வழக்கென்றால் பொலிஸுக்குப் போவதற்கு முன் அவரிடம்தான் போகும். இந்த மரைக்காயர் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த குளவிக் கூட்டுக்குப் பந்தம் பிடித்திருக்கிறார். வந்தபோது முகம் பலாப்பழம். கண் இரண்டும் உள்ளே எங்கோ இருந்தன.

“குளவி முதல்ல என்ன செஞ்ச?” என்றார் டொக்டர்.

“செட்டையை விரிச்சிக்கிட்டு நிண்டுது.”

“மறுகா?”

“ஒண்டு வந்து நெத்தியில முட்டிட்டுப் போச்சி. கொட்டல்ல.”

“மறுகா?”

“மறுகா நான் பந்தத்தைக் கொளுத்தின.”

“ரெண்டு தரம் செல்லியிரிக்கி.”

மரைக்காயருக்குப் பொறுக்கவில்லை. “டொக்டர், கொட்டுப்பட்டவன் நான். நீங்க எப்பயும் கொட்டினதுட பக்கம் நிண்டு கதைக்கிறீங்க. இதென்ன ஞாயம்?”

டொக்டர் கொஞ்சம் நீளமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். “ஒங்களுக்கு வாய் இரிக்கி மரைக்காயர், நீங்க வந்து செல்றீங்க. அதுக்கு ஆரு இரிக்கிற? கடல்ல பாருங்க. நண்டு ஆளைக் கண்டா வளைக்குள்ள போகுது. கணவாய் மையைத் துப்பிட்டு மாறுது. பேத்தை மீன் வயித்தை ஊதிக் காட்டுது. எல்லாம் சண்டை வேணாம் எண்டுதான். பாம்புட நஞ்சு அதுட சோத்துக்கு உள்ள சாமான், சும்மா நம்மட காலுல கொட்டுமா? ஒரு சீவன் கடிச்ச எண்டா, கடிக்க முந்தி அது என்னென்னவோ செஞ்சி பார்த்திரிக்கும். நாம அதை எண்ணுறல்ல. கடியை மட்டும் எண்ணுற.”

மரைக்காயர் அந்த முகத்தோடு சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “நீங்க பள்ளிக்கு வந்து வழக்குப் பேசுங்க டொக்டர்” என்று சொல்லிவிட்டு, என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டு போனார். இது அந்தப் பகிடியோடு முடிந்திருக்கும்.

ஒரு காலையில் அரிசி மில்காரர் ஒருவர் வந்தார். ஊரில் நல்ல பேர் உள்ளவர். நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுக்கிறவர். வரிசையில் வயதானவர்களைக் கண்டால் முன்னுக்கு விடுகிறவர். அன்றைக்கும் இரண்டு பேரை முன்னுக்கு விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். வலது கையில் லேஞ்சித் துணி சுற்றியிருந்தது.

“நாய் கடிச்சிட்டு டொக்டர்.”

லேஞ்சியை அவிழ்க்கச் சொன்னார் டொக்டர். பிறகு வழக்கமான கேள்வி வந்தது.

“நீங்க அதுக்கு என்ன செஞ்சீங்க?”

அவர் சிரித்தார். ஊரே அறிந்த கேள்விதானே. “ஒண்டும் செய்யல்ல டொக்டர். ரோட்டில சும்மா நிண்டன்.”

“கை எங்க இரிந்த?”

“கீழதான்.”

“கீழ தொங்கின கையை நாய் கவ்வினா ஒரு வரிசைப் பல்லு புறங்கையில விழும். இது ரெண்டு வரிசையும் உள்ளங்கையில இரிக்கி. பெருவிரலுக்குக் கீழ.”

“எனக்குத் தெரியா டொக்டர். கண் மூடி முழிக்க முந்திக் கடிச்சிட்டு.”

“நாய்ட வாயை ஏன் பொத்தினீங்க?”

என் யன்னலடியில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் தன் மாத்திரையை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். நானும் கொடுக்கவில்லை.

டொக்டரின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “நாய்க்கடியெண்டா சுகாதாரப் பரிசோதகர் வருவார். நாயைக் கட்டி வைச்சிப் பார்க்கணும். நாயைக் காட்டுவீங்களா?”

“நாய் இல்ல.”

“அப்ப?”

“வீட்டுல ஒரு சின்னப் பிரச்சினை.”

“நீங்க அவக்கு என்ன செஞ்சீங்க?”

“அது என்ட வீட்டுக் கதை டொக்டர். அதை விடுங்க.”

“ஆருட வீடு?”

எங்கள் பக்கத்தில் இது லேசான கேள்வி இல்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. தாயும் தகப்பனும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். கலியாணம் முடித்தவன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். பெரிய வியாபாரியானாலும் அவன் இருப்பது பெண்சாதியின் வீட்டில்தான். நானும் அப்படித்தான் இருக்கிறேன். என் வீடு என்று வாய் தவறிச் சொன்னால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

“அவட” என்றார் மில்காரர்.

டொக்டர் காயத்தைக் கழுவினார். மனிதக் கடி நாய்க்கடியைவிடப் பொல்லாதது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், நாளைக்கும் வந்து கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வரிசையில் நின்றவர்கள் மாத்திரையோடு கதையையும் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

மில்காரர் கெட்டிக்காரர். வெட்கப்பட்டு ஒளியாமல், அன்று மாலையே அதே மரைக்காயரிடம் போய் முறைப்பாடு வைத்துவிட்டார். புருஷனின் கையைக் கடித்த பெண்சாதி. கேட்டவர்களுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவள் கடித்த உடனேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் உம்மாவிடம் போயிருந்தாள். உம்மா இருந்ததோ இளைய மகளின் வீட்டுப் பின்னறையில். வீட்டுக்காரி அங்கே பாயில் படுத்தாள், மில்காரர் இங்கே அவளுடைய வீட்டில் கட்டிலில் படுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான். அவள் குடிப் பெரியவர்களுக்கு முன்னால் வந்து தன்னிடம் மாப்புக் கேட்க வேண்டும், கேட்டு, அன்றைக்கே திரும்பி வந்து தன் சொல்லுக்கு அடங்கி இருக்க வேண்டும். மரைக்காயர் “ஓம்” என்று சொல்லிவிட்டால் அவள் போய்த்தான் ஆக வேண்டும். அந்தக் கை இருக்கிற வீட்டுக்கு.

ஊர் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. ஒரு மாப்புத்தானே, கேட்டால் முடிந்தது என்றார்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து இரண்டு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாரம் கல்லையும் சீமெந்தையும் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டி, கடைசியில் யாரை உள்ளே விடப் போகிறேன் என்று பயந்தேன்.

பெரியவர்கள் கூடுவதற்கு முன் மரைக்காயர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் பழைய அளவுக்கு வந்திருந்தது.

“டொக்டர், அது மனிசப் பல்லுதானா?”

“ஒரு ஆள்ட காயத்தைப் பத்தி இன்னொரு ஆளுக்கு நான் செல்றல்ல.”

“நீங்க செல்ல வேணாம். அவளே ஒத்துக்கிட்டா. கடிச்சன் எண்டு செல்றா. அதுக்கு மேல எத்தினை தரம் கேட்டும் வாய் திறக்கிறாளில்ல. அப்ப நான் என்ன தீர்ப்புச் செல்ற?”

“கடைசியா நடந்ததைத்தான் கேட்டிரிக்கீங்க. அவளை இஞ்ச வரச் செல்லுங்க. வாயைப் பார்க்கணும்.”

“வாயையா? கடிபட்ட அவன்ட கையல்லவா?”

“கடிச்சவட பல்லும் நோகும்.”

மறுநாள் அவள் வந்தாள். சின்ன உருவம். முந்தானையை வாய்க்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தாள். டொக்டர் மிஸ்ஸை அனுப்பி, வரிசையில் நின்றவர்களையெல்லாம் வெளியே வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். மரைக்காயர் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். நான் என் இடத்தில் இருந்தேன். இத்தனை காலமும் கடிபட்டவர்களைத்தான் டொக்டர் பார்த்திருக்கிறார். கடித்தவரே நேரில் வந்தது அன்றைக்குத்தான்.

“வெளிய மரைக்காயர் இரிக்கார். அந்தப் பக்கம் மருந்து குடுக்கிறவர் இரிக்கார். இஞ்ச கதைச்சா அவங்களுக்குக் கேக்கும். பரவாயில்லையா மகள்? இல்லாட்டி அவங்களையும் அனுப்புறன்.”

“கேக்கட்டும்” என்றாள்.

“ஒரு பல்லு ஆடுது. நோகுதா?”

“ஓம்.”

“கடிக்க முந்தி என்ன செஞ்சீங்க?”

“ஒண்டும் செய்யல்ல டொக்டர்.”

“யோசிச்சிச் செல்லுங்க. அவசரமில்ல.”

“வாய் திறக்காம இரிந்தன்.”

“மறுகா?”

“அவர்ட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா குசினிக்குள்ள போயிருவன்.”

“மறுகா?”

“நித்திரை மாதிரிக் கிடப்பன். சில நாளைக்கு அது சரி வரும். சில நாளைக்கு எழுப்பி அடிப்பார்.”

“மறுகா?”

“பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சிக்குவன். பிள்ளை மடியில இரிந்தா அடிக்கிறல்ல. மறுகா பிள்ளை பெரிசாயிட்டு.”

டொக்டர் “மறுகா” என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“ஒரு நாள் கத்தினன். பக்கத்து வீட்டுல லைட் எரிஞ்ச. நானும் பார்த்துக்கிட்டே இரிந்தன், ஆரும் வருவாங்க எண்டு. மறுகா அந்த லைட்டும் நூந்துட்டு. கடிச்ச அண்டைக்கிம் கத்தத்தான் பார்த்தன். வாயைப் பொத்திட்டார். மூக்கையும் சேத்து.”

“அந்தக் கோவத்திலதான் கடிச்சீங்களா?”

“கோவம் வரல்ல டொக்டர். மூச்சு எடுக்கத்தான் கடிச்சன்.”

நான் கையில் எடுத்த போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். மரைக்காயர் வாங்கிலிருந்து எழும்பினார். கதவுக்குக் கிட்டப் போனார், உள்ளே போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மகள், பின்னேரம் வீட்டுக்குப் போங்க. அதுக்கு முந்தி அவன்ட பெட்டியை நானே வெளிய எடுத்து வைச்சிருவன். சாவி ஒங்கட கைக்கு வரும்.”

கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“மாப்பு எண்டு ஒண்டு இரிந்தா அதை அவன்தான் கேக்கணும். பெரியவங்களுக்கு முன்னுக்கு ஒங்களிட்டக் கேக்கணும்” என்றார். பிறகு இன்னும் மெதுவாக, “அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் கேக்கணும்” என்றார்.

அவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். சத்தம் வெளியே வராமல் அழுதாள். பழகிவிட்டது போல. டொக்டருக்கு ஆறுதல் சொல்ல வராது. கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்டப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“மற்றப் பக்கம் திரும்புங்க மகள். முதுகில குழாயை வைச்சிப் பார்க்கணும். வாயைத் திறந்து மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

ஒவ்வொரு நாளும் வருகிற எல்லாரிடமும், இருமல்காரரிடமும் காய்ச்சல்காரரிடமும் அவர் சொல்லும் வார்த்தைதான். அவள் இழுத்தாள். முதலில் பாதியில் நின்றது. திரும்ப இழுத்தாள். அந்தச் சத்தம் தட்டிக்கு மேலால் எங்களிடம் வந்தது. மரைக்காயர் போகாமல் நின்றார்.

“இன்னும் ஒருக்கா” என்றார் டொக்டர். “அவசரமில்ல.”